லீவில் நின்ற ஆள்

இதில் இருக்கலாம் தானே, தங்கச்சி? மற்றக் கதிரை முழுக்க வெள்ளையள். தேத்தண்ணி மிஷினுக்குப் பக்கத்தில் உங்களைக் கண்டவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. கழுத்தில் அட்டை, கையில் ஃபைல், எங்கட முகம். மொழிபெயர்க்க வந்த பிள்ளை இவதான் என்று நினைத்தேன். இஞ்சை பிறந்தனீங்களோ? அப்பா அம்மா எந்த ஊர்? சரி, சரி, சொல்லாட்டிலும் பரவாயில்லை.

பொறுங்கோ. நீங்கள் என்னோடு கதைக்கக் கூடாது என்று ஏதும் சட்டம் இருக்கும், எனக்குத் தெரியும். நீங்கள் கதைக்க வேண்டாம், நான் கதைக்கிறேன். காது கேட்கிறதுக்குச் சட்டம் இல்லைத் தானே?

என்ன, கார்டோ? தாங்கோ, பொக்கற்றில் வைக்கிறேன், பிறகு பார்க்கலாம். எங்கட கடைக் கார்டும் ஒன்று தாறேன், இந்தாங்கோ. ‘தயாபரன் ஃபுட்ஸ்.’ மட்டன் ரோல்ஸ், பற்றிஸ், வடை. லூட்டனில் ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை, தங்கச்சி. வந்து முப்பத்தொரு வருஷம். வங்கியோடு சண்டை பிடிக்கிறது, கவுன்சிலுக்கு எழுதுறது எல்லாம் நான்தான். பிறகேன் கோர்ட்டு ஃபோர்மில் மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று அடையாளம் போட்டேன்? உங்களுக்குச் சொன்னால் என்ன. ஜட்ஜ் ஒரு கேள்வி கேட்பா. அதை நீங்கள் தமிழில் சொல்லுவியள். அந்த இடைக்குள் நான் யோசிப்பேன். ஒரு கேள்வியை இரண்டு தரம் கேட்கலாம், விளங்காத முகத்தை வைத்துக்கொண்டு. உண்மை சொல்லுறவனுக்கு எந்தப் பாஷையும் சரி. மற்றவனுக்கு நேரம் வேணும். அடையாளம் போட்டதுக்கு அவையள் பதில் போடவில்லை. ஆனால் நீங்கள் வந்திருக்கிறியள். அது போதும்.

அண்ணியின்ரை வழக்குத்தான். ஓம், சொந்த அண்ணி. செத்துப்போன என் தமையனின் மனிசி. நாகபூசணி. பத்தொன்பது வருஷம் சோறு போட்டவனைக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறா. உள்ளே அவ தமிழில்தான் சொல்லுவா, நீங்கள்தான் அதை மாற்றிச் சொல்லவேணும். எல்லாத்தையும் அப்படியே சொல்லுங்கோ, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரேயொரு வசனம். ‘ஃபானை நிப்பாட்டச் சொன்னது தம்பி’ என்று அவ சொல்லுவா, தம்பி என்றால் நான். அந்த இடத்தில் மட்டும் நீங்கள் ‘ஃபானைப் போட மறந்துபோனன்’ என்று சொல்லிவிடுங்கோ. மறதி எல்லாருக்கும் வாறதுதானே. ஜட்ஜுக்குத் தமிழ் தெரியாது, அண்ணிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆருக்கு நட்டம்?

எழுதுறியளோ? எழுதுங்கோ, எழுதுங்கோ. எழுதினால்தான் உள்ளுக்குப் போய் மறக்காது. திருப்பிச் சொல்லவோ? ‘ஃபானைப். போட. மறந்துபோனன்.’

சும்மா கேட்கிறேன் என்று நினைக்காதேங்கோ. இந்தப் பையில் நாற்பது ரோல்ஸ் இருக்கு, காலமை பொரிச்சது. வீட்டுக்குக் கொண்டுபோங்கோ. கவரும் ஒன்று வைத்திருக்கிறேன், அது பின்னேரம்.

முழுக்கக் கேட்டால் நீங்களே சொல்லுவியள், இந்த மனிசன் என்ன பிழை செய்தது என்று.

அண்ணை இவவைக் கலியாணம் முடித்துக் கூப்பிட்டு நாலு வருஷத்தில் போய்விட்டான். நெஞ்சு நோ. பிள்ளை குட்டி இல்லை. பாஷை தெரியாது, பஸ் ஏறத் தெரியாது. நான் கைவிட்டேனோ? கடைக்கு மேலே அறை கொடுத்தேன். தமிழ்ச் சனல் எல்லாம் வாற டிவி கொடுத்தேன். குளிருக்குக் கோட்டு, சுகிர்தா போட்டதுதான், ஆனால் நல்ல கோட்டு. சுகிர்தா என்ரை மனிசி. பாஸ்போட்டைக்கூட நான்தான் பத்திரமாக வைத்திருந்தேன், அவ எங்கேயும் துலைத்துப்போடுவா என்று.

சும்மா இருக்க ஒரு மாதிரியாய் இருக்குமே என்று கீழே குசினியில் நின்றா. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நாளைக்கு அறுநூறு ரோல்ஸ், தங்கச்சி. மா குழைத்து, தோசை மாதிரி மெல்லிசாய்த் தாள் சுட்டு, கறி வைத்து, சுருட்டி, தூளில் பிரட்டி. கையைப் பார்த்தால் மிஷின் மாதிரி. நான் சனத்துக்குச் சொல்லுவேன், ‘எங்கட அண்ணிக்குப் பொழுதுபோக்கே இதுதான்’ என்று.

சம்பளமோ? கொடுத்தேன், காகிதத்தில் எல்லாம் இருக்கு. எங்கட ஆக்கள் எல்லாரும் செய்யிறதுதானே, வீட்டு ஆளை வேலையாள் என்று கணக்கில் காட்டுறது. வரிக்கு நல்லது. கிழமைக்கு முப்பது மணித்தியாலம் என்று போட்டு, ஒவ்வொரு மாதமும் அவவின்ரை பேரில் இருக்கிற வங்கிக் கணக்குக்குக் காசு போகும். வங்கிக் கார்டு என்னிடம். போன காசு திரும்பி வரும். பின் நம்பர் அண்ணை செத்த திகதி. அவன் நினைவை நான் அப்படி வைத்திருக்கிறேன், பாருங்கோ, மாதத்தில் ஒருக்கால் அடிக்கிறேன்.

அவவுக்குக் காசு என்னத்துக்கு? ஒருநாள் கேட்டா, ‘தம்பி, ஒரு இருபது பவுண் தாறியளே, கோயிலுக்குப் போடவேணும்’ என்று. நான் அவவின்ரை பேரில் நானே போட்டேன். ரசீதையும் கொண்டுவந்து காட்டினேன். வேறென்ன வேணும்?

பிறகு கொரோனா வந்தது. கடையில் எட்டு மேசை, எல்லாத்தையும் கவிழ்த்து வைத்தோம். ஆனால் சனம் வீட்டுக்குள் அடைபட்டால் என்ன செய்யும்? தின்னும். ரோல்ஸ் முந்தி அறுநூறு, இப்போது எண்ணூறு. பிறந்தநாள் என்றால் கொண்டாட்டம் இல்லை, வீடு வீடாகப் பார்சல். அந்த நேரம் பார்த்து அரசாங்கம் ஃபேர்லோ என்று ஒன்று கொண்டுவந்தது. உங்களுக்குத் தெரியும்தானே. வேலையாளை நிப்பாட்டாதே, வீட்டில் இருத்து, சம்பளத்தில் எண்பது வீதம் நாங்கள் தாறோம். நிபந்தனை ஒன்றுதான், அந்த ஆள் உனக்கு வேலை செய்யக் கூடாது.

லூட்டனில் ஆர் எடுக்கவில்லை? கண்ணாடிக்குள் காசை வைத்து, எடு எடு என்றால், எடுக்காதவன் விசரன். சுகிர்தாவைப் போட்டேன், அண்ணியைப் போட்டேன். சொந்தத் தொழில்காரருக்கு என்று தனியாக ஒரு கொடுப்பனவு இருந்தது, பார்சல் ஓட்டுறதைக் காட்டி அதில் என்னையும் போட்டேன். ஒன்லைனில் ஆறு நிமிஷம். எங்கட நாட்டில் ஒரு அரிசிக் கார்டு எடுக்க ஆறு மாதம் நிற்கவேணும்.

வேலையாளுக்கு ஒரு கடிதம் கொடுக்கவேணும் என்று விதி. நானே எழுதினேன், வடிவான இங்கிலீஷில். ‘அன்புள்ள திருமதி நாகபூசணி, இந்தக் கடினமான காலத்தில் உங்கள் நலனே எங்கள் முதல் அக்கறை.’ அண்ணியைக் கூப்பிட்டு கையெழுத்து வைக்கச் சொன்னேன். மாக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தா.

‘என்ன தம்பி இது?’

‘ஒண்டுமில்லை அண்ணி, நீங்கள் இண்டையிலிருந்து லீவு.’

அவ கடிதத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. ‘லீவெண்டால், நான் நாளைக்கு இறங்கத் தேவையில்லையோ?’

நானும் சுகிர்தாவும் சிரித்த சிரிப்பு! சுகிர்தாவுக்குப் புரையேறிவிட்டது. ‘ஐயோ அண்ணி, அது கவுண்மேந்துக்கு லீவு. ரோல்ஸுக்கு லீவில்லை’ என்றாள். அண்ணியும் சிரித்தா. தன்னை வைத்துச் சிரித்தால் தானும் சேர்ந்து சிரிப்பா, அப்படி ஒரு பிறவி.

அதுக்குப் பிறகு அது வீட்டில் ஒரு பகிடியாகப் போய்விட்டது. சுகிர்தா குசினிக்குள் எட்டிப் பார்த்து, ‘லீவிலை நிக்கிற ஆள் இன்னும் வெங்காயம் வெட்டேல்லையோ?’ என்பாள். மாதாமாதம் கடிதம் புதுப்பிக்கவேணும். ஒவ்வொரு மாதமும் அண்ணி கேட்பா, ‘தம்பி, லீவு இன்னும் முடியேல்லையோ?’ என்று. ‘இல்லை அண்ணி, நீட்டியிருக்கினம்’ என்பேன். பாவம், லீவு முடிந்தால் வேலை குறையும் என்று நினைத்தாவோ தெரியாது.

என்ன சொல்லுறியள்? நீங்கள் ஆர் என்றோ? எனக்குத் தெரியும் தங்கச்சி, நீங்கள் நடுநிலை. அதைத்தானே சொல்ல வாறியள். நான் ஒன்றும் பக்கம் சாயச் சொல்லவில்லை. ஒரு வசனம். கேளுங்கோ.

இனித்தான் ஃபான். எங்கட குசினிக்குப் பின்வேலிக்கு அப்பால் ஒரு வெள்ளைக் கிழவி. பேர் டொரீன். ரோல்ஸ் பொரிக்கிற மணம் தன்ரை உடுப்பில் படுகுது என்று முந்தியே கவுன்சிலுக்கு இரண்டு கடிதம் போட்டவள். புகை இழுக்கிற ஃபான் ஓடினால் சத்தமும் அவள் பக்கம், மணமும் அவள் பக்கம். கடையில் வேலை செய்யிற ஆக்கள் எல்லாரும் லீவு என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்போ காலமை ஆறு மணியிலிருந்து ஆர் பொரிக்கிறது, பேயோ? அவள் ஒரு ஃபோன் போட்டால் போதும்.

அதனால் அண்ணியிடம் சொன்னேன், ‘ஃபானைப் போடாதேங்கோ. ஜன்னலையும் திறக்காதேங்கோ. ஆரும் கேட்டால் நீங்கள் மேலை இருக்கிறியள்.’

‘வேர்க்குமே தம்பி.’

‘வேர்த்தால் உடம்புக்கு நல்லது. வெள்ளையள் காசு குடுத்து வேர்க்கினம்.’

அவ சரி என்றா. நான் மூளையைப் பாவிக்கிறவன், தங்கச்சி. வியாழக்கிழமை பின்னேரங்களில் சனமெல்லாம் வாசலில் நின்று ஆஸ்பத்திரிக்காரருக்குக் கை தட்டினது ஞாபகம் இருக்கோ? நான் அண்ணியை மேல் ஜன்னலில் நிற்க விட்டேன். தெரு பார்க்கட்டும், எங்கட வேலையாள் வீட்டில்தான் நிற்கிறா என்று. அவவும் தட்டினா. கை முழுக்க மா. தட்டத் தட்ட ஜன்னலில் வெள்ளைத் தூள் பறக்குது. சுகிர்தா கீழே நின்று சிரித்துக்கொண்டே, ‘அண்ணி, கையைக் கழுவிப்போட்டுத் தட்டுங்கோ’ என்று கத்துறாள். டொரீன் தெருவுக்கு வந்து நின்று எங்களுக்குக் கை காட்டினாள்.

தைப்பொங்கலுக்கு முன் எனக்கு இருமல். பெரிசாக ஒன்றுமில்லை, நின்று கடை பார்த்தேன். அது அண்ணிக்குப் போய்விட்டது. ஆரிலிருந்து போனது என்று இப்ப ஆர் சொல்லுறது? காத்திலே வாறது. கொரோனாப் பரிசோதனை எடுக்கவில்லை. எடுத்தால் எங்கே வேலை, ஆரோடு நின்றனீங்கள் என்று ஃபோன் போட்டுக் கேட்பினம். லீவில் நிற்கிற ஆளுக்கு என்ன வேலையிடம்? ஐந்து நாள் மேலே படுக்க விட்டேன். முழுசாக ஐந்து நாள். சுகிர்தா கஞ்சி வைத்துப் படியில் வைத்தாள். அந்த ஐந்து நாளும் ரோல்ஸ் இல்லை, பொங்கல் ஓடர் போச்சு. அதைப் பற்றி இந்த வழக்கில் ஒரு வரி இருக்கோ?

ஆறாம் நாள் இறங்கி வந்தா. மெலிஞ்சுபோய், படிக்குப் படி குந்திக் குந்தி வந்தா. கறி வைத்தா. வாயில் வைக்க ஏலாது, உப்புக் கடல். சுகிர்தா துப்பினாள். ‘அண்ணி, மணத்தைப் பாத்து உப்புப் போடுறனீங்கள் தானே, இண்டைக்கு என்ன வந்தது?’ என்றாள். அப்போதான் அண்ணி சொன்னா, ‘ஒண்டும் மணக்குதில்லை, பிள்ளை.’

நம்பினோமோ? இல்லை. வேலைக்குக் கள்ளம் அடிக்கிறா என்று நினைத்தோம். கண்ணை மூடச் சொன்னோம். சுகிர்தா பெருங்காயக் கட்டியை மூக்குக்குக் கிட்டப் பிடித்தாள். ஒன்றுமில்லை. வினாகிரி. ஒன்றுமில்லை. நான் சீலாக் கருவாட்டைக் கொண்டுவந்து மூக்கில் முட்டுற மாதிரிப் பிடித்தேன். அண்ணி கொஞ்சம் யோசித்துப்போட்டு, எங்களைச் சந்தோஷப்படுத்தவேணும் என்று நினைத்தாவோ என்னவோ, ‘மல்லிகைப்பூவே, தம்பி?’ என்று கேட்டா.

சொல்லக்கூடாது, ஆனால் இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வரும். சுகிர்தா நிலத்தில் குந்திவிட்டாள், சிரித்து. நீங்கள் சிரிக்கவில்லை. உங்களுக்கு வேலை நேரம், விளங்குது.

உப்பைச் சுகிர்தா பார்க்கிறது என்று ஒழுங்கு பண்ணினோம். மற்றதெல்லாம் அண்ணி. மணக்காதது ஒரு வகையில் நல்லது என்றுகூட நான் நினைத்தேன். ஃபான் இல்லாமல் எண்ணெய்ப் புகைக்குள் நிற்கிறது மற்ற ஆளுக்குக் கஷ்டம். அவவுக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு அந்தச் சனிக்கிழமை. பத்து மணி இருக்கும். பிறந்தநாள் ஓடர், இருநூற்றிநாற்பது ரோல்ஸ். நான் முன்னுக்குப் பார்சல் கட்டுறேன். எங்கட காஸ் அடுப்பு பழசு. நெருப்பு அணைந்தால் காஸ் தானாக நிற்கிற சாமான் ஒன்று இருக்கும், அது எங்கட அடுப்பில் வேலை செய்யாது. மாற்றத்தான் இருந்தேன். உருளைக்கிழங்கு அவிக்கிற பானை பொங்கி ஊத்தி ஒரு பக்கத்து நெருப்பு அணைந்திருக்கு. அண்ணி உள்ளறையில் இறைச்சி எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறா. கதவு பூட்டு, ஜன்னல் பூட்டு, ஃபான் இல்லை. எனக்கென்றால் வாசலிலேயே மணந்திருக்கும். அவ வந்து பார்த்திருக்கிறா, நெருப்பில்லை. லைற்றரை எடுத்து அமத்தியிருக்கிறா.

பெரிய சத்தம் இல்லை, தங்கச்சி. துவாயை உதறின மாதிரி ஒரு சத்தம். நான் ஓடிப்போய் முதலில் காஸை நிப்பாட்டினேன். பாருங்கோ, அந்த நேரத்திலும் மூளை வேலை செய்தது. தட்டில் சுருட்டி வைத்த ரோல்ஸுக்கு ஒன்றுமில்லை. அண்ணி சுவரோடு சாய்ந்து நிற்கிறா. புருவம் இல்லை. இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டிக்கொண்டு, ஆரோ எதையோ தரப்போகினம் என்ற மாதிரி.

கத்தவில்லை. ‘ஃபானைப் போடவோ, தம்பி?’ என்றுதான் கேட்டா.

அம்புலன்ஸ் கூப்பிட்டால் பின்னால் தீயணைப்பு வரும். வந்தால் அடுப்பைப் பார்ப்பான், மணம் வெளியே போகாமல் ஜன்னல் இடுக்கில் நான் ஒட்டின கறுத்த ஒட்டுநாடாவைப் பார்ப்பான், லீவில் நிற்கிற ஆள் ஏன் ஏப்ரன் கட்டியிருக்கிறா என்று பார்ப்பான். அதனால் மேலே கொண்டுபோனோம். அங்கே தண்ணி கொதிக்க வைக்கிற கரண்டுக் கேத்தில் ஒன்று இருக்கு. தேத்தண்ணி போடும்போது நடந்தது என்று சொல்லலாம் என்று சுகிர்தாதான் யோசனை சொன்னாள். ஏப்ரனைக் கழட்டவேணும். கைப்பக்கம் தோலோடு ஒட்டியிருந்தது. சுகிர்தாவுக்கு இதெல்லாம் பார்க்க ஏலாது, பாவம், முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் இழுத்தாள்.

ரோல்ஸைக் கொடுத்துவிட்டு வந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். போகிற வழிதானே. காரில் வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். ‘பயப்பிடாதேங்கோ, அண்ணி. கேத்தில் கவிண்டது எண்டு சொல்லுங்கோ. கனக்கக் கதைக்காதேங்கோ.’ வழக்கமாக நான்தான் கதைக்கிறது. பல்லு டொக்டரோ, வங்கியோ, விசாவோ, அவ பக்கத்தில் இருப்பா, கேள்வி என்னிடம் வரும், பதில் என்னிடம் இருந்து போகும். சில நேரம் அவவிடம் கேட்கிறதே இல்லை. நேரம் மிச்சம்.

ஆனால் அந்த நேரத்துச் சட்டம் தெரியும்தானே? நோயாளி மட்டும் உள்ளே. கூட வந்த ஆள் வெளியே. நான் கெஞ்சிப் பார்த்தேன், ‘அவவுக்குப் பாஷை தெரியாது, நான்தான் அவவின்ரை வாய்’ என்று. நேர்ஸ் முகக்கவசத்துக்குள்ளால், ‘எங்களிடம் ஃபோனில் ஆள் இருக்கினம், சேர்’ என்றாள். பத்தொன்பது வருஷத்தில் முதல்தரம் அண்ணி நான் இல்லாமல் வெள்ளையளோடு கதைத்தது அன்றைக்குத்தான். நான் கார் தரிப்பிடத்தில் இருந்து பார்சல் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தேன், என்ன நடக்குது என்று தெரியாமல்.

என்ன நடந்தது என்று அவவே அடுத்த நாள் ஃபோனில் சொன்னா, நல்ல சந்தோஷமாக. ஃபோனுக்குள் ஒரு தமிழ்ப் பிள்ளை வந்ததாம், வடிவாக ‘அம்மா’ என்று கதைத்ததாம். கேத்தில் கவிண்டது என்று சொல்லியிருக்கிறா. அதுவரை சரி. அந்தப் பிள்ளை, ‘வேலை செய்யிறனீங்களோ அம்மா?’ என்று கேட்டிருக்கு. ‘இல்லை பிள்ளை, நான் பத்து மாதமாய் லீவு’ என்றிருக்கிறா. ‘லீவிலை என்ன செய்யிறனீங்கள்?’ பொய் சொல்லத் தெரியாத மனிசி. ‘காலமை ஆறு மணிக்கு இறங்கி மாக் குழைப்பன்’ என்றிருக்கிறா. பிறகு, ‘அம்மா, ஒருக்கால் திருப்பிச் சொல்லுங்கோ’ என்றதாம்.

அண்ணிக்குப் பெருமை. ‘நான் சொன்னதைத் திருப்பிக் கேட்டது, தம்பி. ஒருத்தரும் அப்பிடிக் கேட்டதில்லை.’

அந்த ஒரு திருப்பிச் சொன்னதில் வந்த வினை இதெல்லாம். ஆஸ்பத்திரியில் ஒரு ஆள் வந்து பார்த்து, அவ இன்னொரு ஆளிடம் அனுப்பி, கடைசியில் அண்ணி என்ரை வீட்டுக்குத் திரும்பி வரவேயில்லை. கவுன்சில் கொடுத்த அறையில் இருக்கிறாவாம். உடுப்பு எடுக்கக்கூட ஒரு பொலிஸ்காரியோடு வந்தா. பாஸ்போட்டைக் கொடு என்றினம், கொடுத்தேன். வங்கிக் கார்டைக் கொடு என்றினம், கொடுத்தேன். பின் நம்பர் கேட்டாளுகள், சொன்னேன். அண்ணி அந்த இலக்கத்தைக் கேட்டுவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்ப வழக்கு. நாள் முழுக்க வேலை வாங்கிப்போட்டுச் சம்பளம் தரவில்லையாம், லீவு என்று ஏமாத்தினதாம். நான் பதில் போட்டிருக்கிறேன், அவ லீவில்தான் நின்றவ, கீழே இறங்கினது தன்ரை விருப்பத்துக்குத் தனக்குச் சமைக்க, எனக்கு ஒன்றும் தெரியாது என்று. விளங்குதோ இப்ப, ஃபான் ஏன் முக்கியம் என்று? நிப்பாட்டச் சொன்னவன் நான் என்றால், அவ வேலை செய்தது எனக்குத் தெரியும் என்றாகுது. மறந்துபோனா என்றால் முடிந்தது விஷயம். இந்தச் சுற்று வென்றால் மற்றதுக்கு, லீவுக் காசுக்கும் கை வெந்ததுக்கும், ஒருத்தரும் வரமாட்டினம்.

நான் கெட்டவன் என்றால் எனக்கு இவ்வளவு நட்டம் வருமோ? இப்ப ரோல்ஸுக்கு இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறேன், மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று. இரண்டு பேர்! அப்பவும் நாநூறு தாண்டுதில்லை. ஒருத்தி போன கிழமை என்னிடமே கேட்கிறாள், ‘அண்ணை, லீவு எப்ப?’ என்று. காலம் அப்படிப் போச்சு.

அந்தா, கதவு திறக்குது. அண்ணி. பாருங்கோ, இரண்டு கையிலும் தீக்காயத்துக்குப் போடுற அந்தப் பழுப்பு உறை, முழங்கை வரைக்கும். பார்த்தால் பாவமாக இருக்கும். ஜட்ஜுக்கும் இருக்கும், அதுதான் எனக்குப் பயம்.

ஏன் எழும்புறியள், தங்கச்சி? எங்களை இன்னும் கூப்பிடவில்லை. எங்கே போறியள்? அது அவையின்ரை பக்கம்.

உங்களுக்கு அண்ணியைத் தெரியுமோ? அவ ஏன் உங்கட தோளில் கை வைக்கிறா?

பொறுங்கோ. கார்டு. எங்கே வைத்தேன்... இந்தா. ‘மதுரா இலங்கநாதன்.’ கீழே என்ன... ‘சட்ட உதவி நிலையம்.’ சொலிசிற்றர். நீங்களோ? இந்த வயதில்? நீங்கள் அண்ணியின்ரை லோயரோ?

முதலே சொல்லியிருக்கலாமே! மூன்று தரம் வாயெடுத்தனீங்களோ? நான் விடவில்லையோ? நீங்கள் எழுதின அந்தக் கொப்பியைத் தாங்கோ. நான் சொன்னது ஒன்றையும் உள்ளுக்குச் சொல்லாதேங்கோ, அது பகிடி. எங்கட ஆக்கள் பகிடி விடுறதுதானே. அண்ணி, நீங்கள் சொல்லுங்கோ, நான் எப்பவும் பகிடிதானே? இந்தாங்கோ, ரோல்ஸ், உங்களுக்கென்றுதான் கொண்டுவந்தேன். எடுங்கோ.

என்ன பார்க்கிறா இவ, பையைத் திறந்து?

‘எண்ணெய் பழசு, தம்பி. மணம் தெரியாட்டிலும் நிறத்திலை தெரியுது.’

சரி. சரி, விடுங்கோ. தம்பி, எக்ஸ்கியூஸ் மீ, இந்தக் கோர்ட்டுப் பெடியனிடம் கேட்கிறேன். என்ரை மொழிபெயர்ப்பாளர் எங்கே? என்னது? எனக்கு ஒருத்தரும் இல்லையோ? அண்ணிக்கு மட்டும் வேற ஆள் உள்ளே இருக்கினமோ? நான் அடையாளம் போட்டனான்! ஏன் தரவில்லை?

என்ரை கடிதங்களைப் பார்த்தவையாம். மாதம் ஒன்றாகப் பத்துக் கடிதம். ‘உங்கள் நலனே எங்கள் முதல் அக்கறை.’ இவ்வளவு வடிவாக இங்கிலீஷ் எழுதுற ஆளுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை என்று ஜட்ஜ் முடிவெடுத்துவிட்டாவாம். நேராகக் கேட்பினமாம். நேராகப் பதில் சொல்லவேணுமாம்.

பேரைக் கூப்பிடுகினம். வாறேன், வாறேன். ரோல்ஸ் பையைக் கதிரையிலேயே விடுறேன்.

என்ன, அண்ணி? கிட்ட வந்து என்ன சொல்லுறியள்? இந்தச் சத்தத்துக்குள் கேட்கவில்லை, ஒருக்கால் திருப்பிச் சொல்லுங்கோ.

‘பயப்பிடாதேங்கோ, தம்பி. கனக்கக் கதைக்காதேங்கோ.’